சின்னவள் விட்டுப்போன செடி

ஜன்னல் ஒரு பக்கம் இருந்தது. செடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியவள் கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, நனைந்த குடையை வாளிக்குள் நிறுத்திவிட்டு, ஹாலுக்குள் இரண்டடி வைத்த பிறகுதான் அதைக் கவனித்தாள். மழை மூட்டத்தில் மதியமே சாயங்காலம் மாதிரி மங்கிக் கிடந்தது. உள்ளறையில் மாமனார் விடும் குறட்டை, ஃபிரிட்ஜின் முனகல், ஜன்னல் தகரத்தில் விட்டு விட்டு விழும் சொட்டு, இவை தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. மூலையில் ஓர் ஆள் உயரத்துக்கு தேங்காய் நார் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் செடியின் இலைகள், தட்டு அகலத்துக்கு விரிந்து ஓட்டை ஓட்டையாகக் கிழிந்த அந்த இலைகள், காலையில் ஜன்னலைப் பார்த்தபடிதான் இருந்தன. அவளுக்கு அது நன்றாக நினைவிருந்தது. கிளம்பும்போது அதை ஒரு முறை முறைத்துவிட்டுப் போவது அவள் பழக்கம்.

இப்போது எல்லா இலைகளும் சமையலறை வாசலைப் பார்த்திருந்தன. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவள் நிற்கிற இடம் அது.

"மாமா, தொட்டியத் திருப்பி வச்சீங்களா?"

குறட்டை நின்றது. "எந்தத் தொட்டிம்மா?"

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

குனிந்து பார்த்தாள். தொட்டிக்கு அடியில் இருந்த தட்டின் விளிம்பில் தூசி படிந்தது படிந்தபடியே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

சின்னவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கொழுந்தனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வரும்போது சின்னவள் ஒரு கையில் பெட்டியும் இன்னொரு கையில் இந்தச் செடியுமாகத்தான் வந்தாள். அப்போது அதற்கு மூன்றே இலைகள். இரண்டு வருஷத்துக்குள் ஹாலின் மூலையையே அது எடுத்துக்கொண்டது. வந்தவளும் அப்படித்தான் வளர்ந்தாள் என்று பெரியவளுக்குத் தோன்றும்.

போன் கம்பெனிக்குக் குரல் கொடுப்பது சின்னவளின் வேலை. பெரியவள் தன் கணவனைக் கூப்பிட்டு அவன் எடுக்காவிட்டால், "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது பதிலளிக்கவில்லை" என்று பணிவாகச் சொல்வது சின்னவள்தான். கட்டின புருஷனைக் கூப்பிட்டாலும் குறுக்கே அவள் வந்து நிற்பாள். "சின்னது பேசினா காது குளுந்துபோகுது" என்பார் மாமனார். பத்து வருஷமாக அவருக்கு நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பவளின் குரல் எப்படியிருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பாப்பா, பெரியவள் பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை, பள்ளிக்கூடப் பையை அம்மா கையில் திணித்துவிட்டு "சித்தி!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடும்.

பெரியவளுக்குக் கண்ணாடிக் கடையில் காலை நேர வேலை. பார்வை சோதிக்க வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடியைப் போடுவாள்; அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவாள். "இதுல நல்லாத் தெரியுதா, அதுலயா?" என்று வேலை நேரம் முழுக்கக் கேட்பாள். பெரும்பாலும் எல்லோரும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தால் யாரும் கேட்காமலே அதே பதில்.

வெளியூர் ஸ்டூடியோவில் ஒரு மாத வேலை என்று சின்னவள் கிளம்பிய அன்று, ஆட்டோ வாசலில் காத்திருக்க, செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தண்ணி நெறய ஊத்திடாதீங்க, வேர் அழுகிடும். மண்ணுக்குள்ள வெரல விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. எலைய ஈரத் துணியால மெதுவாத் துடைச்சு விடுங்க. அப்புறம்..." சிரித்தாள். "கொஞ்சம் பேசுங்கக்கா. தனியா விட்டா வாடிப்போகுது."

பிறகு வழக்கம்போல் ஓர் இலையைக் கன்னத்தோடு சேர்த்து அழுத்தி, "வரேன்டா செல்லம்" என்றாள். பாப்பா ஒப்பாரி வைத்து அழுதது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவள் கையசைத்தாள், ஆட்டோ தெரு முனை திரும்பும்போதே முடிவு செய்துவிட்டாள். திரும்பி வரும்போது அவளுக்குக் காய்ந்த குச்சிதான் மிஞ்சும்.

அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. மண் வெடித்துத் தொட்டியின் விளிம்பை விட்டு விலகியது. ஆனாலும் ஓர் இலைகூடச் சோரவில்லை. இன்றைக்கு என்னவென்றால் திரும்பி நிற்கிறது.

அவள் தொட்டியைக் கட்டிப்பிடித்து நகர்த்தி, இலைகளை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பினாள். மறுநாள் காலை காபிக்கு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் திரும்பியபோது, அத்தனை இலைகளும் சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தன. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறும் வரைக்கும் அவள் அசையவில்லை.

அன்று மதியம், மாமனார் கண்ணயர்ந்த பிறகு, கெட்டிலில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அப்படியே தூரில் ஊற்றினாள். மண் சீறியது. ஆவி முகத்தில் அடித்தது. வெந்த கீரை வாசனை. அதற்கு அடியில் வேறொன்று, ஈரத் தலையைத் துவட்டாமல் படுத்த தலையணையில் வருமே அந்த மாதிரி. அந்தப் புழுக்கமான வாடை ஹாலைவிட்டுப் போகவே மாட்டேன் என்றது.

செடி சாகவில்லை. தண்டின் உச்சியில், இறுக்கிச் சுருட்டிய இளம்பச்சைக் குருத்து ஒன்று முளைத்திருந்தது. மறுநாள் பார்க்கும்போது அது விரிந்துகொண்டிருந்தது, மெதுவாக, அவளை நோக்கி. ஈரம் காயாத, வெளிச்சம் ஊடுருவும் இலை. கொதிநீர் ஊற்றிய கையைப் பார்த்து அது விரிந்தது.

பயந்துதான் போனாள். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே, வெளியில் சொல்ல வெட்கப்படுகிற ஒரு குளிர்ச்சியும் இருந்தது. இந்த வீட்டில் முதல்முறையாக ஒன்று, சின்னவளுக்குச் சொந்தமான ஒன்று, அவளை விட்டுவிட்டுத் தன்னைத் திரும்பிப் பார்க்கிறது.

அன்று சாயங்காலம் துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

துடைக்கத் துடைக்கத்தான் தெரிந்தது, இலைகள் எவ்வளவு கனம் என்று. ஒவ்வொன்றும் உள்ளங்கையில் சாய்ந்து கொடுத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பேச ஆரம்பித்தாள். முதலில் கடைக்கு வந்தவர்களைப் பற்றி, பிறகு வீட்டைப் பற்றி, பிறகு சின்னவளைப் பற்றி. கணவனிடம் சொன்னால் "உனக்கு வேற வேலையில்லையா" என்பான். செடி அப்படிச் சொல்லவில்லை. அவள் வார்த்தைக்கு வார்த்தை இலைகள் தாழ்ந்து கொடுத்தன. ஒருநாள் மழை இருட்டில், இத்தனை நாள் நெஞ்சுக்குள் புழுங்கியதைக் கொட்டிவிட்டாள்.

"அந்தக் குரல் மட்டும் இல்லன்னா அவகிட்ட என்ன இருக்கு? சொல்லு. என்ன இருக்கு?"

ஓர் இலையின் நுனியில் நீர் திரண்டு, தொங்கி, தரையில் விழுந்தது. டப்.

அந்த வாரம் சின்னவள் வீடியோவில் பேசினாள். பாப்பா போனைத் தூக்கிக்கொண்டு போய்ச் செடிக்கு முன்னால் நீட்டியது.

"என்னக்கா இது, மொகத்தத் திருப்பிக்கிச்சு?" என்று சிரித்தாள் சின்னவள். "என்ன மறந்துட்டியாடா?"

"ஒரு மாசம் ஆளக் காணோம்னா அப்படித்தான்" என்றாள் பெரியவள். அடக்கியும் அடங்காமல் வாய் கோணிச் சிரிப்பு வந்தது.

சமையலறை ஜன்னலில் ஒரு பாட்டிலுக்குள் அவள் வெகுநாளாக வைத்திருந்த மணிபிளான்ட் இருந்தது. செடியைக் கவனித்துப் பழகிய கை இப்போது சும்மா இருக்கவில்லை. அதற்கும் தண்ணீர் மாற்றி, பழுத்த இலையைக் கிள்ளி, பாட்டிலைத் தேய்த்து வைத்தாள். மறுநாள் காலை பாட்டில் தண்ணீர் கறுத்திருந்தது. மணிபிளான்ட் வேகவைத்துப் பிழிந்த மாதிரித் துவண்டு கிடந்தது. ஹாலிலிருந்து சமையலறை வாசற்படி வரைக்கும் தரையில் நத்தை போன தடம் போல ஈரக் கோடு. கோட்டின் ஹால் முனையில், கம்பத்திலிருந்து காற்றில் தொங்குகிற பழுப்பு வேர்களில், நேற்று முழங்கால் உயரத்தில் நின்ற ஒன்று, தரையைத் தொட்டுச் சுருண்டிருந்தது.

தரையைத் துடைத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. தனக்கேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

சின்னவள் வந்தாள். வீடே வாசலுக்கு ஓடியது. பாப்பா அவள் இடுப்பில் தொற்றிக்கொண்டது. மாமனார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார். கணவன் பெட்டியை வாங்கினான். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த பெரியவள், கத்தி கையில் இருக்க, வாசற்படியில் நின்று பார்த்தாள். உள்ளுக்குள் எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் செடியைத் திரும்பிப் பார்த்தாள். செடியும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எவ்ளோ வளந்துட்ட!" என்று சின்னவள் நேராக மூலைக்குப் போனாள். புது இலையை இழுத்துக் கன்னத்தோடு அழுத்தினாள். "செல்லம்..."

இலையின் நுனியிலிருந்து ஒரு சொட்டு அவள் உதட்டில் விழுந்தது. நாக்கால் தொட்டுத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவள் பார்த்தாள். வாய் திறந்தாள். மூடிக்கொண்டு, காய் நறுக்கப் போய்விட்டாள்.

விளக்கு வைப்பதற்குள் சின்னவளின் உதடு இரண்டு மடங்கு வீங்கிவிட்டது. நாக்கு வாய் கொள்ளாமல் தடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். "இந்த மாதிரிச் செடியோட பால் வாயில பட்டா இப்படி ஆகும். நாலு நாள்ல சரியாயிடும்." வீக்கம் வடிந்தது. குரல் வரவில்லை. அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது; காய்ந்த இலை தரையில் இழுபடுகிற மாதிரி ஒரு சரசரப்பு.

போன் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பெரியவள்தான் எடுத்துப் பேசினாள். அன்று மாமனார் மாத்திரை வாங்கும்போது, "நீ ஒருத்தி இல்லன்னா இந்த வீடு என்னாகும்" என்றார். அதைக் கேட்க அவள் பத்து வருஷம் காத்திருந்தாள். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை.

"அந்தச் சனியனத் தூக்கி வெளிய போட்டுடறேன்" என்றான் கணவன்.

"பாவங்க, வாயில்லாத செடி. அது என்ன பண்ணும்?" என்றாள் பெரியவள் சட்டென்று.

அறைக் கதவருகில் நின்றிருந்த சின்னவள் அவளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஹாலுக்கு வருவதே நின்றுபோயிற்று.

வேறொரு டாக்டரிடம் காட்டலாம் என்று கணவனும் மாமனாரும் சின்னவளை அழைத்துப் போன சாயங்காலம் வீட்டில் பெரியவளும் பாப்பாவும் மட்டும்தான். மழை விடாமல் பெய்தது. பாப்பா சோபாவில் கவிழ்ந்து படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. பெரியவள் செடிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து இலை துடைத்துக்கொண்டிருந்தாள். பென்சில் பேப்பரில் உராயும் ஓசை. துணியிலிருந்து வாளிக்குள் சொட்டும் ஓசை. அந்தப் புழுக்க வாடை.

பென்சில் நின்றது.

"அம்மா."

"ம்."

"சித்தி கதை சொல்லமாட்டாங்களா இனிமே?"

"சொல்ல முடியாதுடா கண்ணு."

பாப்பா எழுந்து வந்தது. கொஞ்சம் தயங்கியது. பிறகு துணியை அவள் கையிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டது. குழந்தையின் தலை வெதுவெதுப்பு, ரப்பர் வாசனை, மூச்சு.

"நீ சொல்லும்மா. எனக்கு உன்னத்தான் ரொம்பப் பிடிக்கும். சித்தியவிட."

பெரியவளின் கண் நிரம்பியது. எத்தனை நாள். எத்தனை நாள் இந்த ஒரு வார்த்தைக்கு. பிள்ளையை இறுக்கி அணைத்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். "எனக்கும் நீதான்டா. நீ மட்டும்தான்."

சொல்லி முடித்துத் தலையை நிமிர்த்தினாள்.

இலைகள் திரும்பிக்கொண்டிருந்தன.

காற்றில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஒவ்வொன்றாக, காம்பு முறுகும் மெல்லிய நறநறப்போடு, அவள் முகத்தை விட்டு விலகி, கீழே தாழ்ந்து, நின்றன. பாப்பாவின் பிடரியைப் பார்த்து.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். வாசற்படியில் கத்தியோடு நின்று தான் பார்த்த பார்வை. இரண்டு வருஷம் தான் பார்த்த பார்வை.

மணிபிளான்ட். சின்னவள். இப்போது.

புது இலையின் நுனியில் நீர் திரண்டது.

குழந்தையோடு எழப் பார்த்தாள். நாற்காலிக் காலையும் அவள் சேலை ஓரத்தையும் சேர்த்து வேர் சுற்றியிருந்தது. எப்போது சுற்றியது என்று தெரியவில்லை. எழுந்தால் நாற்காலியும் வந்தது. செடியும் ஒரு சாண் அவளோடு சாய்ந்தது. சொட்டு விழுந்தது. பாப்பாவின் கழுத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, அவள் கைமேல். சுட்டது.

"எறங்கு" என்றாள்.

"மாட்டேன்."

"எறங்குடி!"

பாப்பா இன்னும் இறுக்கிக்கொண்டது. நீர் மறுபடி திரண்டது. இன்னும் பெரிதாக.

என்ன செய்ய வேண்டும் என்று பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. செடியின் இடத்தில் தான் இருந்தால் எதைக் கேட்டால் மனம் ஆறும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். குழந்தையின் கைகளைப் பிய்த்து எடுத்தாள். தள்ளினாள். பாப்பா தரையில் விழுந்து, நம்பமுடியாமல் அண்ணாந்து பார்த்தது.

"உன்ன எனக்குப் பிடிக்கல" என்றாள், உரக்க, செடிக்குக் கேட்கிற மாதிரி. "எப்பப் பாத்தாலும் ஒட்டிக்கிட்டு! நீ எனக்கு வேண்டாம். போ உள்ள. போன்னு சொல்றேன்ல!"

பாப்பாவின் உதடு பிதுங்கியது. ஓடியது. அறைக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. உள்ளே அழுகை, முதலில் கத்தலாக, பிறகு விக்கலாக.

பெரியவள் நாற்காலியில் சரிந்தாள். தரையில் கிடந்த துணியை எடுத்தாள்.

"போயிட்டா" என்றாள். "பாத்தியா. அனுப்பிட்டேன்."

இலைகள் மெல்ல எழுந்தன. ஒன்று. இன்னொன்று. அவள் முகத்துக்கு நேரே வந்து விரிந்தன. அவள் துடைத்தாள். முதல் இலை, நடு நரம்பு, ஓரம். அடுத்த இலை.

"நீதான். நீ மட்டும்தான். எனக்கு வேற யாரு இருக்கா."

உள்ளே விக்கல். "அம்மா..." என்று ஒரு முறை. அவள் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். கண்ணீர் வரவிடவில்லை. அழுதால் தெரிந்துவிடும்.

காலில் ஏதோ பட்டது.

குளிர்ச்சி. ஈரம். விரல் தடிமனுக்கு.

குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினாள். வேர் நாற்காலிக் காலை விட்டு அவிழ்ந்திருந்தது. அவள் பாதத்தின் மேல் ஏறியிருந்தது. அவளைச் சுற்றிக்கொள்ளும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். சுற்றிக்கொள்ளட்டும் என்று வேண்டினாள்.

சுற்றவில்லை. ஏறி, மறுபக்கம் இறங்கி, போய்க்கொண்டிருந்தது.

மற்றக் காலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். பலம்கொண்ட மட்டும். உள்ளங்காலுக்கு அடியில் அது நின்று நிதானித்து, வழுக்கி, நழுவி, நீண்டுகொண்டே இருந்தது. அவளுக்கு முன்னால் எல்லா இலைகளும் அவள் முகத்தையே ஆசையோடு பார்த்தபடி அசையாமல் விரிந்திருந்தன. அவள் பாதத்தைத் தாண்டி, சாம்பல் வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டு, ஈரக் கோடு அழுகை வரும் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.